பேரையூர் வட்டாரச் சைலன்ஸர் இலக்கணம்: ஓர் ஆய்வு

மதுரை மாவட்டத்தின் தென்மேற்கில் உள்ள பேரையூர் வட்டத்தில், புது மோட்டார் சைக்கிள் வாங்கிய இளைஞர் முதலில் செய்யும் காரியம் எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றுவது. இரண்டாவது காரியம் கம்பெனி சைலன்ஸரைக் கழற்றுவது. முதலாவதைப் பற்றி நாட்டார் வழக்காற்றியல்காரர்கள் வேண்டிய அளவு எழுதிவிட்டார்கள். இரண்டாவதைப் பற்றி ஒரு முனைவர் பட்ட ஆய்வேடுகூட என் கண்ணில் படவில்லை. பழைய சைலன்ஸர் இருந்த இடத்தில் எதை மாட்டுவது, ஏன் அதை மாட்டுவது என்ற கேள்வி இலக்கணம் இல்லாமலேயே கிடக்கிறது. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வெல்லையை வரையறுப்பது மரபு. கிழக்கே டி.கல்லுப்பட்டி, வடக்கே உசிலம்பட்டி போகும் சாலை, மேற்கே சாப்டூர், அதற்கும் மேற்கே சதுரகிரி மலை. மலைக்கு மேல் வண்டி ஏறாது. ஆகவே ஆய்வும் ஏறவில்லை. தரவுகள் டீக்கடை பெஞ்சுகளிலும் பட்டறை வாசல்களிலும் திரட்டப்பட்டன. தகவலாளர்களின் பெயர்கள், அவர்களைப் பெற்றவர்களின் நிம்மதி கருதி மறைக்கப்பட்டுள்ளன.

முன்னோடி ஆய்வு என்று பார்த்தால் தொல்காப்பியத்தின் பிறப்பியலைத்தான் சொல்ல வேண்டும். உந்தியிலிருந்து எழும் காற்று மேலேறி, தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தாகப் பிறக்கிறது என்கிறார் ஆசிரியர். எண்வகை நிலை. மோட்டார் சைக்கிளைக் கண்ணால் பார்க்காமலேயே ஒருவர் இதை எழுதியிருக்கிறார் என்பது வியப்பு. உந்தி என்பது சிலிண்டர். மிடறு என்பது பெண்ட் பைப். நெஞ்சு, சைலன்ஸரின் பருத்த வயிறு. நா, உள்ளே ஓட்டை போட்ட தடுப்புக் குழாய். இதழ், பின்னால் மின்னும் வாய். பல்லுக்கு மட்டும் நேரான உறுப்பு வண்டியில் கிடைக்கவில்லை. கிக்கர் பின்னால் அடித்துத் தாடையைப் பதம்பார்க்கும்போது அது ஓட்டுநரிடமிருந்து பெறப்படுகிறது என்று அமைதி கொள்க.

எழுத்துகளை வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பிரித்ததும் இங்கே பொருந்திவருகிறது. நம்புவதற்குக் கடினம் என்பவர்கள் பேரையூர் பேருந்து நிலையத்தில் எந்தச் சிறுவனிடமாவது வண்டிச் சத்தங்களை வாயால் செய்துகாட்டச் சொல்லலாம். புல்லட் என்றால் ‘டுப் டுப்’ என்பான்: டகரமும் பகரமும், சுத்தமான வல்லினம். பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 என்றால் ‘ஙொய்ங்’ என்பான். மெல்லினம். அதுவும் மூக்கு வழிக் காற்று. அதன் டூ-டி ஆயில் புகையும் மூக்கையே நாடும் என்பதால் பொருத்தம் இருமடங்கு. கம்பெனி சைலன்ஸர் கழற்றப்படாத ஸ்கூட்டிக்கு ‘ர்ர்ர்’: இடையினம். இடையினத்தைச் செய்துகாட்டச் சொன்னால் பையன் முகத்தில் ஆர்வம் குறைவதையும் ஆய்வாளர் குறித்துக்கொண்டார்.

மாத்திரைக் கணக்கும் உண்டு. கண்ணிமைக்கும் அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. நான்கு ஸ்ட்ரோக் ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு 1000 சுற்றில் நின்றபடி உறுமும் பழைய புல்லட், நொடிக்கு எட்டுத் தடவை வெடிக்கிறது. காது அவற்றைத் தனித்தனியே எண்ண முயன்று தோற்கும் விளிம்பு அது. இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் சுற்றுக்கு ஒரு வெடிப்பு. ஆர்எக்ஸ் 100 தன் முழுச் சக்தியான 11 குதிரைத்திறனைத் தருவது 7500 சுற்றில். அங்கே நொடிக்கு 125 வெடிப்பு. அது எண்ணிக்கை அல்ல, சுருதி. ஓடும்போது சாவியை அணைத்து, எரியாத பெட்ரோலைக் குழாய்க்குள் நிரப்பி, மறுபடி சாவியைப் போட்டு ‘டமார்’ என்று வெடிக்கவைக்கும் வித்தையை எந்த மாத்திரையில் சேர்ப்பது என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. அளபெடை என்பர் ஒரு சாரார். பெண்கள் பள்ளி வாசலில் மட்டுமே அது நிகழ்வதால் இடவாகுபெயர் என்பர் மற்றொரு சாரார். அந்த வெடியில் சைலன்ஸரின் வயிறு கிழியும் என்பதில் இரு சாராருக்கும் ஒப்புதல்.

இனி இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளின் குழாயைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். இங்கேதான் இவ்வட்டாரத்தின் பெரும்பிழை நடக்கிறது. 1985-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் வழியாக வந்து 1996-இல் உற்பத்தி நின்றுபோன ஆர்எக்ஸ் 100-ஐ இன்றும் கண்ணாடித் தம்ளர் மாதிரி துடைத்து வைத்திருப்பவர்கள் உண்டு. ‘குழாயை வெட்டிவிட்டால் காற்று தாராளமாகப் போகும், வண்டி பறக்கும்’ என்பது அவர்களிடையே வழங்கும் கோட்பாடு. நடப்பது நேர்மாறு. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வெளியேறும் வாசலுக்குக் கதவு கிடையாது. பிஸ்டனே திறக்கிறது, பிஸ்டனே மூடுகிறது. புதுக் காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும்போது புகை வாசலும் திறந்தே கிடக்கும். புகையோடு ஓடும் அழுத்த அலை, குழாய் விரியும் இடத்தில் எதிர் அலையாகத் திரும்பி, மிச்சப் புகையை உறிஞ்சுகிறது. குழாய் மறுபடி குறுகும் இடத்தில் மோதித் திரும்பும் அலை, தவறி வெளியே வந்த பெட்ரோல் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. வீட்டை விட்டு ஓடிய பையனைக் காதைப் பிடித்துக் கூட்டிவரும் தாய்மாமன் வேலை. வெட்டியவர் தாய்மாமனை வெட்டுகிறார். சத்தம் கூடுகிறது, இழுவை குறைகிறது. காதுக்குக் கூடினதால் வேகமும் கூடினதாக மனசு கணக்குப் போட்டுக்கொள்கிறது.

இந்த நுட்பத்துக்காக உலக அரசியலே நடந்திருக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் இருந்த வால்டர் காடன், போர்க்காலத்தில் ராக்கெட் ஆயுத ஆய்வில் பழகியவர், 1950-களில் இந்தக் குழாயைச் செதுக்கிச் செதுக்கிப் பூரணமாக்கினார். 1961-இல் அவருடைய 125 சிசி எஞ்சின் லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்ற கணக்கைத் தொட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், பெர்லின் சுவர் எழுந்த அடுத்த மாதம், அவருடைய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடன் பந்தயத்துக்கு வந்த இடத்தில் அப்படியே மேற்குக்குத் தப்பிவிட்டார். ரகசியம் சுசுகி கம்பெனிக்குப் போனது; 1962-இல் 50 சிசி உலகப் பட்டம் அவர்களுக்கு. ஒரு மனிதர் நாட்டை விட்டு ஓடிச் சுமந்துபோன வடிவத்தைத்தான் நம்மூர் வெல்டிங் பட்டறையில் டீ ஆறுவதற்குள் கட்டிங் மெஷினால் அறுக்கிறோம்.

ஒப்பீட்டு ஆய்வு இல்லாமல் கட்டுரை நிறைவடையாது என்பதால் கனடாவுக்கும் அமெரிக்க ராக்கி மலைக்கும் ஒரு பார்வை. பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிகளிலும் பெரும்பாலும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்தான். ஸ்கி-டூ என்ற பெயரில் கியூபெக்கின் பாம்பார்டியர் 1959-இல் விற்கத் தொடங்கிய குடும்பம் அது. உயரம் போகப் போகக் காற்று மெலிந்து எஞ்சின் மூச்சு வாங்கும். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தி போய்விடும். ஆகவே அங்குள்ளவர்கள் எடை குறைந்த சைலன்ஸரைத் தேடுகிறார்கள். ஆழப் பனியில் ஒவ்வொரு கிலோவும் உள்ளே அமுக்கும் அல்லவா? நம்மூரில் பனி என்பது மார்கழியில் இருமலைக் கொண்டுவரும் பொருள். சமவெளியில் டி.கல்லுப்பட்டி வரை போய் வரும் தகவலாளர் ஒருவரும் ‘வெயிட் கம்மிண்ணே’ என்பதையே காரணமாகச் சொன்னார். சொல்லும்போது வண்டியின் பின்னால் ஒரு மூட்டை புண்ணாக்கும் ஒரு மைத்துனரும் இருந்தார்கள்.

புல்லட் தனி அதிகாரம். 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியதிலிருந்து இந்த வண்டியின் சத்தத்துக்கென்றே ஒரு பக்தர் கூட்டம் உண்டு. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் போய்ப் புது எஞ்சின் வந்தபின் அந்தச் சத்தமும் போய்விட்டது என்ற ஒப்பாரியிலிருந்துதான் இன்றைய சந்தை பிறந்தது. ஷார்ட் பாட்டில், லாங் பாட்டில், டால்ஃபின், மெகாஃபோன், பஞ்சாப், இந்தோரி. பிஎஸ்ஏ வண்டியின் பெயரைக் கடன் வாங்கிய கோல்டு ஸ்டார் வேறு. பாட்டில் வகை அடக்கமான வல்லினம். கல்யாண வீட்டுக்குப் போகலாம், தாய்மாமன் சீர் கொண்டுபோகலாம். இந்தோரியை மாட்டிக்கொண்டு துட்டி வீட்டுக்குப் போக முடியாது. போனவர் ஒருவரைத் தெரியும். பறையடித்தவர்களே கையை நிறுத்திவிட்டு ஏறிட்டுப் பார்த்தார்கள். அக்ரபோவிச் என்று ஒட்டுப்படம் ஒட்டிய குழாய்களும் வட்டாரத்தில் கிடைக்கின்றன. ஸ்லோவேனியா நாட்டின் அந்தக் கம்பெனிக்குத் தன் பொருள் பேரையூரில் இத்தனை ஓடுவது தெரியுமா என்பது ஐயம். பெயரில் ஓர் எழுத்து கூடியும் குறைந்தும் இருப்பதைப் பாடவேறுபாடு என்று கொள்ளலாம்.

இவ்வளவும் பொருள் பற்றி. தேர்வு எப்படி நடக்கிறது என்பதே ஆய்வின் மையம். பட்டறை வாசலில் பதிவு செய்த உரையாடலை மாற்றமின்றித் தருகிறேன்.

“எதுக்குத் தம்பி மாத்துனீங்க?”

“புல்லிங் இல்லண்ணே.”

“இப்ப எப்படி இருக்கு புல்லிங்?”

“அதேதாண்ணே இருக்கு. ஆனா வர்றது தெரியுதுல்ல.”

“யாருக்கு?”

தம்பி எதிர்த்த தையல் கடையைப் பார்த்தார். ஆய்வாளரும் பார்த்தார். அங்கே தையல் மெஷின் ஒன்று நின்றிருந்தது.

இதிலிருந்து பெறப்படும் விதி: சைலன்ஸரைத் தேர்ந்தெடுப்பவர் ஓட்டுபவர் அல்லர், கேட்பவர். இயற்பியலும் இதற்கு உடன்பாடு. குழாயின் வாய் பின்னோக்கி இருக்கிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுபவரின் காதில் காற்றும் ஹெல்மெட்டும்தான் இரையும். காசு கொடுத்தவருக்குக் கிடைப்பது எச்சம். முழு இசையும் போய்ச் சேர்வது அவர் கடந்துபோன தெருவுக்கு. இரவில் இன்னும் விசேஷம். நிலம் சீக்கிரம் குளிர்ந்து, மேலே காற்று வெதுவெதுப்பாக நிற்பதால், மேலே போக வேண்டிய ஒலி வளைந்து தரைக்கே திரும்புகிறது. பகலில் தெருமுனையில் கரைந்த சத்தம் ராத்திரி அடுத்த ஊர் வரை நடக்கிறது. அப்பத்தா ஒருவர், விளக்கு வைத்த பிறகு திண்ணையிலிருந்தபடியே, “பேரன் கம்மா முக்கு திரும்பிட்டான், தோசைக்கல்லப் போடு” என்று மருமகளுக்கு உத்தரவு கொடுப்பதை நேரில் கண்டேன். தோசை சூடாக இருந்தது. ஆனால் கம்மா முக்குச் சத்தம் ஃபைனான்ஸ்காரருக்கும் கேட்கும் என்பதை மறக்கலாகாது. தவணை பாக்கி உள்ளவர்கள் கம்பெனி சைலன்ஸரோடு இருப்பதே நலம். காதல் உள்ளவர்களுக்கு ஷார்ட் பாட்டில். பெண்ணின் அண்ணன்மார் மூவருக்கு மேல் என்றால் மறுபடி கம்பெனி சைலன்ஸர். தேர்தலில் நிற்கும் எண்ணம் உள்ளவர் இந்தோரி மாட்டலாம். தோற்றபின் கழற்றிவிட வேண்டும்.

அரசும் இத்துறையில் எண்கள் தந்திருக்கிறது. வண்டியிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி அளந்தால், 80 முதல் 175 சிசி வரை 77 டெசிபல், அதற்கு மேற்பட்ட வண்டிக்கு 80 டெசிபல். குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை இருக்க வேண்டிய அளவு 45. டெசிபல் கணக்கு நம் வட்டிக் கணக்கைவிட மோசமானது: பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ஏறக்குறைய இருமடங்கு. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு, மாசு விதியை மீறியவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸுக்கு மூன்று மாதம் ஓய்வு என்கிறது. பல ஊர்களில் போலீசார் கழற்றிய சைலன்ஸர்களை ரோட்டில் அடுக்கி ரோடு ரோலர் ஏற்றிக் காட்டியிருக்கிறார்கள். வண்டி வாங்கியபோது எலுமிச்சம்பழத்துக்கு நேர்ந்ததே அது. சடங்கு ஒரு சுற்று முடிகிறது.

இடையில் ஒரு வரலாற்றுச் செய்தி. இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மாக்சிம், சுட்டுச் சுட்டுக் காது மந்தமாகிப்போனவர். அவர் மகன் ஹைரம் பெர்சி மாக்சிம்தான் துப்பாக்கிக்குச் சைலன்ஸர் செய்து 1909-இல் காப்புரிமை பெற்றவர். எஞ்சின் புகைக்குழாயின் சத்தத்தை அடக்கும் கருவிகளையும் செய்தவர். அப்பன் சத்தம், மகன் அடக்கம். பேரையூரில் இம்முறை தலைகீழாக வழங்குகிறது. டிவிஎஸ் 50-இல் காலம் தள்ளிய தகப்பனுக்கு இந்தோரி மகன் பிறக்கிறான்.

கடைசியாகக் கம்பெனி சைலன்ஸரை என்ன செய்வது என்பது. பரணில் போட்டு வைக்க வேண்டும், விற்கக் கூடாது. பதினைந்து வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கப் போகும் நாளில் அது வேண்டும், பெண் பார்க்கப் போகும் நாளிலும் வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் குழாய்க்குள்ளேயே இருக்கிறது. அதைச் சேர்த்துக் கழற்றினால் சென்சார் குழம்பி மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியலாம். விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டுவது வட்டாரத் தீர்வு. அந்தக் கன்வர்ட்டருக்குள் பூசியிருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற உலோகங்கள். ரோடியம் தங்கத்தைவிட விலை கூடின சரக்கு. ஆகவே புதுக் குழாய் மாட்டித் தரும் அண்ணன், “பழச இங்கயே போட்டுட்டுப் போங்க தம்பி, நீங்க தூக்கிட்டுப் போயி என்ன செய்யப் போறீங்க” என்று பாசத்தோடு சொன்னால், தம்பி அதைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.