துரத்தலுக்கு நடுவே ஒரு பாடம்

கேள்வி: டேவிட் வெபரின் 'ஆன் பசிலிஸ்க் ஸ்டேஷன்' நாவலை ஒரு நண்பர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார். இன்னொருவர் பாதியிலேயே மூடிவிட்டார். யாரை நம்புவது?

பதில்: இருவரையும்! 1993-ல் வந்த இந்த விண்வெளிக் கடற்படை நாவலின் உச்சகட்டத்தில் கதாநாயகி ஆனர் ஹாரிங்டனின் 'ஃபியர்லெஸ்' கப்பல் எதிரியை உயிரைக் கொடுத்துத் துரத்துகிறது. அந்த நேரம் பார்த்து வெபர் விண்பயணத் தொழில்நுட்ப வரலாற்றைப் பக்கம் பக்கமாக விளக்குகிறார். இலை போட்டுவிட்டுச் சமையல்காரர் அடுப்பின் வரலாறு சொன்னால் பசித்தவர் எழுந்து போகத்தானே செய்வார்?

எனக்குப் பிடித்தது போரைவிடச் சுங்கச் சோதனைதான். பரிசோதனை ஆயுதம் ஒன்றுக்காக ஆனரின் கப்பலிலிருந்த வழக்கமான ஆயுதங்களில் பெரும்பகுதியை மேலதிகாரிகள் பிடுங்கிக்கொண்டு, யாரும் விரும்பாத ஒரு மூலைக்கு அவளைத் தள்ளிவிடுகிறார்கள். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. வரும் சரக்குக் கப்பல்களை விதிப்படி சோதிக்கிறாள், அவ்வளவுதான். கள்ளக்கடத்தல் சிக்குகிறது, நூல் பிடித்துப் போனால் பெரிய சதியே வெளிவருகிறது. ரெய்டை இத்தனை விறுவிறுப்பாக எழுத அசாத்தியத் திறமை வேண்டும். சி. எஸ். ஃபாரஸ்டரின் ஹார்ன்பிளோயர் கதைகளை ரசித்தவர்கள் இவளையும் ரசிப்பார்கள். வில்லன்கள் மட்டும் அட்டைக்கத்திகள். நூறு பக்கம் பொறுத்துப் பாருங்கள்; பாடம் வந்தால் தாராளமாகத் தாண்டிப் போகலாம், கதை கெடாது.