மேற்கே போக இருப்பவர்

பழைய சித்தூர் ஜில்லாவின் சிறப்புகளைச் சொல்ல வருகிறவர்கள், காணிப்பாக்கத்துப் பிள்ளையாரில் தொடங்கி, மாம்பழம், வெல்லம், நிலக்கடலை, சேஷாசலத்துச் செம்மரம் என்று வரிசையாக அடுக்கி, கடைசியில் நம்மைத் திருமலையில் கொண்டுபோய் நிறுத்தி ஒரு கும்பிடும் போடச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஊருக்கு ஒருவராவது தவறாமல் விளைகிற மற்றொரு விசேஷம் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. அவர்தாம் வேட்டைக்குப் போக இருப்பவர். வேட்டைக்குப் போய்வந்தவரை எந்த ஜில்லாவிலும் காணலாம். அவரிடம் ஒரு கொம்போ, தோலோ, குறைந்தபட்சம் முழங்காலில் ஒரு தழும்போ இருக்கும். கதை ஒரு நாழிகைக்குள் தீர்ந்துபோகும். போக இருப்பவரிடமோ இவற்றுள் ஒன்றும் இல்லாத காரணத்தால் கதைக்கும் முடிவில்லை.

நான் நன்கறிந்த ஒருவர், சித்தூர் கலெக்டர் கச்சேரியில் இளம் வயதில் குமாஸ்தாவாக நுழைந்து, அங்கேயே சிரஸ்தாராக உயர்ந்து, ஓய்வு பெற்றபின் திருப்பதியில் கோவிந்தராஜ சுவாமி கோயிலுக்கு அருகே ஒரு சந்தில் குடியேறியவர். பரம்பரையாகச் சைவ உணவுக்காரர். கத்தரிக்காயில் புழு அகப்பட்டால், அதை நசுக்காமல் கொல்லைச் செடியில் விட்டுவர வேண்டும் என்று வீட்டில் உத்தரவிட்டிருந்த ஜீவகாருணியர். அப்படிப்பட்டவருக்குப் பாட்டனார் ஆஸ்தியில் ஒற்றைக்குழல் பன்னிரண்டு போர்த் துப்பாக்கி ஒன்று பங்காக வந்து சேர்ந்ததும், அதன் லைசென்ஸைப் புதுப்பிக்கும் காகிதங்கள் அவருடைய மேஜையைத் தாண்டியே போகவேண்டியிருந்ததும் சேர்ந்து அவரை வேட்டைக்காரராக்கிவிட்டன. அந்தத் துப்பாக்கி வெடித்த ஓசையை ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. தேர்தல் வந்துவிட்டால், லைசென்ஸ் உள்ளவர்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்ற ஆணைக்கிணங்கப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு யாத்திரையும், வாக்குகள் எண்ணி முடிந்தபின் ரசீதைக் காட்டித் திரும்பி வருதலும் உண்டு. ஜனநாயகம் இல்லாதிருந்தால் அது வெளியுலகத்தையே கண்டிராது. ஆயினும் ஊர் அவரை ‘ஷிகாரி சார்’ என்றுதான் அழைத்தது. ரசீது எழுதிய ஏட்டும் அப்படித்தான் அழைத்தார்.

வாசலில் நின்று நிமிர்ந்தால் சேஷாசலம். ரயிலில் ஏறினால் சிறிது தூரத்தில் மாமண்டூர்க் காடு. பஸ்ஸில் போய்வரும் தொலைவில் தலக்கோனையும் பாகராப்பேட்டைக் கணவாயும். இத்தனை வனங்கள் சூழ்ந்திருக்க வேட்டைக்காக வேறு சீமை தேடுவானேன் என்று கேட்டவர்களுக்கு அவருடைய பதில் தயாராக இருந்தது: “ஏழு மலையும் பெருமாளோட சொத்துப்பா. அந்த மானைத் தொட்டா உண்டியல்ல கை வெச்ச மாதிரி ஆயிடும்.” ஆகையால் மேற்கே போகவேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். மேற்கு என்றால், மொகிலி கணவாய் ஏறிப் பலமநேர், புங்கனூர், மதனப்பள்ளி என்ற மேட்டுநிலத்தையும் கடந்து, கதிரிக்கும் தருமாவரத்துக்கும் அப்பால், மரமென்று சொல்லத்தக்கது அபூர்வமாகிப் பூமி முழுவதும் ஆகாயத்துக்கே ஒப்படைக்கப்பட்டுவிட்ட அனந்தப்பூர்ச் சீமை. அங்கேதான் வெளிமான், தெலுங்கர் சொல்லும் கிருஷ்ண ஜிங்க, முதுகு கறுத்து வயிறு வெளுத்து, முறுக்கிய கொம்பை முதுகின்மேல் சாய்த்துக்கொண்டு, மணிக்கு எண்பது கிலோமீட்டர் வரை ஓடவல்ல செருக்கோடு மந்தை மந்தையாக மேய்ந்துகொண்டிருந்தது.

இந்தப் பிரயாணத்துக்கு அவர் செய்த ஆயத்தங்களைப் பூரணமாக வர்ணிக்க வேண்டுமானால் ஒரு புராணமே தேவைப்படும். சர்வே இலாகாவின் வரைபடத்தில் 57 எஃப் என்ற தாளை வரவழைத்து, துணி ஒட்டி, மடித்து, அதில் உள்ள ஒவ்வொரு ஏரியையும் நீலப் பென்சிலால் வட்டமிட்டார். அவற்றில் பாதி கோடையில் வற்றிப்போகும் என்று ஒருவர் சொல்ல, வற்றுவனவற்றைச் சிவப்பு வட்டத்துக்கு மாற்றுவதில் ஒரு கோடை கழிந்தது. அப்போது காட்பாடியிலிருந்து சித்தூர் வழியாகப் பாகாலா வந்து, அங்கே பிரிந்து, பீலேர், வாயல்பாடு, மதனப்பள்ளி ரோடு, கதிரி என்று தருமாவரம் போய்ச் சேரும் மீட்டர்கேஜ் ரயிலே வழி. அந்த ரயில் எந்த ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்கும், எங்கே எதிர்வண்டிக்காகக் காத்து நிற்கும், எந்தப் பிளாட்பாரத்து இட்லியை நம்பலாம் என்பதெல்லாம், அந்த ரயிலில் ஒருமுறையேனும் ஏறியிராத அவருக்கு, கார்டுகளைக் காட்டிலும் துல்லியமாகத் தெரியும். வீட்டு அம்மாளோ வருஷத்துக்கு ஒருமுறை, “மானை அடிச்சிக்கினு இந்த வாசப்படி ஏறினீங்கன்னா, நான் ஆரணிக்கு எங்கண்ணன் வூட்டுக்குப் போயிடுவேன்” என்று எச்சரித்துவிட்டு, அதே மூச்சில், “புளியோதரை எத்தினி பேருக்குக் கட்டணும்?” என்று கேட்பார். கணவரை அவ்வளவு நன்றாக அறிந்த மனைவி அந்தச் சந்தில் வேறொருவர் இல்லை.

ஆயுத சாஸ்திரம் வந்தபோதுதான் முதல் இடர் தோன்றியது. பன்னிரண்டு போர்த் துப்பாக்கியில் எஸ்.ஜி. தோட்டா போட்டாலும் ஐம்பது கஜத்துக்கு அப்பால் அதை நம்புவதற்கில்லை. மறைவே இல்லாத வெளியில் நிற்கும் மானோ இருநூறு கஜத்திலேயே மனிதனைக் கண்டு துள்ளத் தொடங்கிவிடும். ரைஃபிள் வாங்கலாம்; வாங்கினால் சுடவேண்டிவரும். பழைய ஷிகாரிகள் கண்ட உபாயம் ஒன்று உண்டு: உழவரின் மாட்டுவண்டியைக் கண்டு வெளிமான் மிரளுவதில்லையாதலால், வண்டியின் மறுபுறத்தில் ஒட்டி நடந்து, வட்டமிட்டு வட்டமிட்டு அணுகுவது. நம்மவருக்கு இது மிகவும் பிடித்துப்போய், வாடகை வண்டியின் காளைகளை நம்பாமல் சொந்தமாகவே ஒரு ஜோடி வாங்கிப் பழக்குவதென்று புங்கனூர்ச் சந்தைக்கு ஆள் அனுப்பினார். புங்கனூர் மாட்டினம் மூன்றடி உயரத்துக்குச் சற்று ஏறக்குறைய நிற்கும் குள்ளச் சாதி என்பதும், அதன் பின்னே மறைந்து நடப்பவரின் மார்புக்கு மேற்பட்ட அங்கங்கள் யாவும் மானுக்குச் சௌகரியமாகக் காட்சி தரும் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. காளை யோசனை கைவிடப்பட்டது. அதோடு இரண்டு வருஷங்களும் போயின.

போதாக்குறைக்குப் பஞ்சாங்கம். புரட்டாசி பெருமாள் மாதம்; ஐப்பசியில் மழை; கார்த்திகையில் ஊரிலுள்ள துணைவர்களெல்லாம் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார்கள்; மார்கழி திருப்பாவைக்கு; தையில் கல்யாணங்கள்; மாசி கச்சேரியில் வருஷக் கணக்கு நெருங்கும் காலம்; பங்குனி முதல் ஆனி வரை வெயில் மண்டையைப் பிளக்கும்; ஆடி ஆகாது; எஞ்சிய ஆவணியில் அம்மாளின் தமையனார் குடும்பத்தோடு வந்துவிடுவார்.

வேட்டை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சனின் நூல் 1954இல் வெளிவந்து, அதில் பாகராப்பேட்டையை அடுத்த சாமலாப் பள்ளத்தாக்கின் ஆட்கொல்லிப் புலிக்கென்று ஓர் அத்தியாயமே இருப்பதைக் கண்டபோது, நம் ஜில்லாப் புலியைப் பெங்களூர்க்காரர் ஒருவர் வந்து விசாரிப்பதா என்று அவர் அடைந்த மனத்தாங்கல் கொஞ்சமன்று. அதற்குமுன் 1952இல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் கர்க்பேட்ரிக் என்பவர், சித்தூர் ஜில்லாவில் சிவிங்கியைக் கண்டதாக ஒரு குறிப்பு எழுதியிருந்தார். வெளிமானைத் துரத்திப் பிடிக்கவென்றே அரசர்கள் பழக்கிவைத்த அந்த வேகமான மிருகம் இந்தியாவில் அற்றுப்போகுமுன் அதைப் பற்றி எழுதப்பட்ட கடைசிக் குறிப்புகளில் அது ஒன்று. “நான் மட்டும் அந்த வருஷம் கெளம்பியிருந்தா, கடைசியாப் பார்த்தவன்னு என் பேருதான் போட்டிருப்பாங்க” என்று அவர் சொல்லும்போது, கேட்பவர்களுக்கும் அந்த நஷ்டம் உறைக்கும்.

பிறகு 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெளிமான் முதல் அட்டவணையில் ஏறியது. இனி அதைச் சுட்டவன் சிறைக்குப் போவான். மற்ற வேட்டைக்காரர்கள் சர்க்காரைச் சபித்துக்கொண்டிருந்த அந்த வேளையில் நம்மவர் முகத்தில் தோன்றிய பிரகாசத்தை நான் மறக்கவில்லை. இருபது வருஷங்களாகத் தாமே தேடித் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்த தடைகளையெல்லாம் பார்லிமெண்டே ஒரே தடையாக இயற்றிக் கொடுத்துவிட்டது. “டிக்கெட் எடுக்கிற சமயத்துல சட்டம் போட்டுட்டான்!” என்று பெருமூச்செறிந்து, வரைபடத்தை மஞ்சள் துணியில் சுற்றிப் பரணில் வைத்தார்.

விதி அவரை அத்தோடும் விடவில்லை. தொண்ணூறுகளில் மூத்த குமாரன் டென்வர் நகரத்தில் உத்தியோகமாகி, தகப்பனாரை அழைத்துப்போய், நெடுஞ்சாலை ஓரத்துப் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்த பிராங்ஹார்ன் மந்தை ஒன்றைக் காட்டினான். கவைத்த கொம்பும் வெள்ளைப் பின்புறமும் உடைய அந்தப் பிராணி உண்மையில் மானுமன்று, நம் வெளிமானின் சாதியுமன்று; கொம்பின் உறையை ஆண்டுதோறும் உதிர்த்துவிடும்; வேலி எதிர்ப்பட்டால் தாண்டாமல் அடியில் நுழைந்துபோகும்; மணிக்கு எண்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேலும் ஓடும். இன்று அந்தக் கண்டத்தில் அதைத் துரத்திப் பிடிக்கவல்ல மிருகமே இல்லாதிருக்க இவ்வளவு வேகம் எதற்கென்றால், ஆயிரமாயிரம் வருஷங்களுக்குமுன் அழிந்துபோன அமெரிக்கச் சிவிங்கிக்குப் பயந்து பழகிய கால்கள் அவை என்று விலங்கியலார் சிலர் கருதுகிறார்கள். “அப்ப இங்கயும் சிவிங்கி போச்சா?” என்று அவர் கேட்டாராம்.

பையன் விஷயம் அறிந்தவன். இங்கே வேட்டை சட்டவிரோதமன்று, அனுமதிச்சீட்டுக்கு விண்ணப்பித்தால் குலுக்கலில் விழும் என்று விளக்கினான். திருமலையில் ஒரு சேவைக்கு ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து பழகிய திருப்பதிவாசிக்குக் குலுக்கல் ஒரு பொருட்டா? துப்பாக்கிப் பயிற்சிச் சான்று வேண்டுமே என்று தகப்பனார் நம்பிக்கையோடு ஆட்சேபித்தார். கொலராடோ சட்டப்படி 1949க்கு முன் பிறந்தவர்களுக்கு அந்தச் சான்று வேண்டியதில்லை என்றான் பையன். ரைஃபிள் இரவல் கிடைக்கும். நண்பர் லாரி தருவார். ஒரு வாசலும் அடைபடவில்லை. ஒருநாள் முழுவதும் அவர் சரியாகச் சாப்பிடவில்லையாம். மறுநாள் காலையில் விண்ணப்பப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, உற்சாகமே வடிவாக, “ஏண்டா, வேட்டை செப்டம்பர் அக்டோபர்ல இல்ல வருது? புரட்டாசிடா! மலைமேல பிரம்மோற்சவம் நடக்கிறப்ப நான் இங்க மான் அடிக்கறதா? அமெரிக்காக்காரன் பஞ்சாங்கமே பார்க்காம வெச்சிருக்கான்” என்றார். பையன் சளைக்காமல், “அப்படின்னா டெக்சாஸ் போலாம், நைனா. 1932லயே நம்ம கிருஷ்ண ஜிங்கயைக் கொண்டுபோய் விட்டு, இப்ப அங்க பண்ணை பண்ணையா வளர்க்கறாங்க. பணம் கட்டினா எந்த மாசத்திலயும் சுடலாம்” என்றான். அதற்கு அவர் சொன்ன பதிலைப் பையனே சிரித்துச் சிரித்து எனக்குச் சொன்னான்: “அடப்பாவி, அது நம்ம ஊர்க்காரனாச்சேடா! அத்தினி தூரம் போய்ப் பொழைச்சிக்கினு இருக்கறவனையா சுடறது?”

வேட்டைக்குப் போக இருக்கும் இந்த இனத்தாரை ஊர் பரிகாசம் செய்வது வழக்கம். அதில் எனக்குச் சம்மதமில்லை. யுத்தத்துக்குப் பிறகு ஜீப்புகளில் ஏறி, இரவில் மந்தையின் கண்களில் விளக்கைப் பாய்ச்சி, பர்மிட்டும் பாராமல், கலை, பிணை, குட்டி என்ற பேதமும் பாராமல் சுட்டுத் தள்ளி, அந்த வெளிகளை வெறிச்சோடச் செய்தவர்கள் வரைபடத்துக்குத் துணி ஒட்டியவர்களல்லர். மாலையில் நினைத்து இரவில் புறப்பட்டவர்கள். 2018இல் ஆந்திர அரசு வெளிமானையே மாநில விலங்காக அறிவித்தபோது, அது நிம்மதியாக மேய்வதற்குக் கர்னூலை அடுத்த ரோள்ளபாடு சரணாலயம்போல ஒன்றிரண்டு இடங்களே மிஞ்சியிருந்தன. ஆயுள் முழுவதும் திட்டமிட்டும் ஒன்றையும் கொல்லாத என் நண்பரைப் போன்ற வேட்டைக்காரர்கள் அனந்தப்பூர்ச் சீமையில் இன்னும் ஒரு நூறு பேர் இருந்து, அந்த ஜீப்புகளையும் அவர்களே வாங்கிவைத்திருந்தால், 1972இன் சட்டத்துக்கு வேலை பெரிதும் குறைந்திருக்கும்.