தோல்கருவி விதி: பாட்டுக் குழுக்களின் பெயர் நிலைபேறு குறித்துத் திண்டுக்கல் சமவெளியிலிருந்து ஓர் ஆய்வு

ஐந்து பேர் கொண்ட ஒரு பாட்டுக் குழுவில் நான்கு பேர் விலகி, புதிதாக நான்கு பேர் வந்து சேர்ந்தால் அது பழைய குழுவா, புதுக் குழுவா? ஐந்தாமவரும் போய்ப் பெயர் மட்டும் மிஞ்சினால்? மேலைநாட்டுத் தத்துவவாதிகள் இதே சிக்கலைப் பலகை மாற்றிய ஒரு கிரேக்கக் கப்பலை வைத்து இரண்டாயிரம் ஆண்டுகளாக அலசுகிறார்கள். கப்பலுக்கு வழியே இல்லாத திண்டுக்கல் சமவெளியில் இக்கேள்வி மாசி மாதந்தோறும் எழுகிறது. நோட்டீஸில் ஒரு குழுவின் பெயர் இருக்கும். மேடையில் வேறு முகங்கள் இருக்கும். முன்வரிசைப் பெரியவர் “இது அவங்க இல்லப்பா” என்பார். பக்கத்தில் இருப்பவர் “பேனர்ல அவங்க பேருதானே போட்டிருக்கு” என்பார். இரு தரப்புக்கும் நியாயம் உண்டு என்பதால்தான் இந்த ஆய்வு தேவைப்பட்டது.

ஆய்வுக் களமாகத் திண்டுக்கல்லைத் தேர்ந்தது ஊர்ப்பற்றினால் அன்று. (ஊர்ப்பற்றும் உண்டு. ஆய்வு நெறி கருதி அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறோம்.) ஒரு பெயர் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில் இவ்வூருக்கு உள்ள முன்னனுபவம் லண்டனுக்கே கிடையாது. 1957இல் நாகசாமி நாயுடு இங்கே தொடங்கியது ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல். பலகையில் ஆனந்த விலாஸ் இருந்தது. சாப்பிட வந்தவர்கள் வாயிலோ அவர் தலையில் கட்டியிருந்த தலப்பா இருந்தது. பலகை தோற்றது, தலப்பா வென்றது. பின்னாளில் அந்தத் தலப்பா யாருடையது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது.

இன்னொரு சான்று இதைவிடப் பெரியது. கட்சி தொடங்கி ஓராண்டுகூட நிறையாத 1973 மே மாதத்தில், திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில் அ.தி.மு.க. சார்பில் மாயத்தேவர் நின்றார். இரட்டை இலை முதன்முதலில் துளிர்த்தது அந்தத் தேர்தலில்தான். எம்.ஜி.ஆர். மறைந்தபின் 1989 தேர்தலில் அதே இலை முடக்கப்பட்டு, ஓர் அணி இரட்டைப் புறாவோடும் மறு அணி சேவலோடும் வாக்குக் கேட்டன. 2017இல் மறுபடி முடக்கம். இம்முறை தொப்பியும் மின்கம்பமும் வந்தன. ‘அசல் உறுப்பினர்கள்’, ‘பிரிந்து போனவர்கள்’, ‘மறு இணைப்பு’ ஆகிய கலைச்சொற்களை ராக் இசை ரசிகர்கள் இதழ் படித்துக் கற்றுக்கொள்கிறார்கள். எங்களூர் டீக்கடை பெஞ்சுக்கு அவை தாய்மொழி.

இனி ஒப்பீட்டுக்காக ஒரு பிரிட்டிஷ் குழு. 1968இல் ஹெர்ட்ஃபோர்டில் தொடங்கிய டீப் பர்ப்பிள், இடையில் ஒருமுறை கலைந்து கூடி, இன்றும் மேடையேறுகிறது. அதன் ஆள் மாற்றங்களைக் கணக்கு வைக்க ரசிகர்கள் மார்க் 1, மார்க் 2 என்று எண் போடுகிறார்கள். அம்பாசடர் கார் மார்க் 4 வரைதான் போயிற்று. டீப் பர்ப்பிள் மார்க் 9 வரை வந்துவிட்டது. முதல் அணியில் பாடிய ராட் எவன்ஸ் அடுத்த ஆண்டே வெளியே. இயன் கில்லன் வந்தார், 1973இல் போனார், 1984இல் திரும்பினார், 1989இல் அனுப்பப்பட்டார், 1992இல் மறுபடி வந்தார். இதை மாமியார் வீட்டு வருகை என்று எழுத ஆசைதான். ஆய்வுக் கட்டுரையில் இடமில்லை. கிட்டார் வாசித்த ரிச்சி பிளாக்மோர் இரண்டு முறை கோபித்துக்கொண்டு போனார். கீபோர்டில் நெடுங்காலம் நின்ற ஜான் லார்டும் 2002இல் விலகினார். ஒன்பது அணியிலும் மாறாமல் இருப்பவர் ஒரே ஒருவர்: டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸ். இந்தப் பெயரை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

குழு கலைந்து கிடந்த 1980இல் வேடிக்கை ஒன்று நடந்தது. அதே ராட் எவன்ஸ், முன்பின் தொடர்பில்லாத சிலரைச் சேர்த்துக்கொண்டு டீப் பர்ப்பிள் என்ற பெயரிலேயே மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் மேடையேறினார். சில ஊர்களில் ரசிகர்கள் கலவரம் செய்தார்கள். வழக்குப் போடப்பட்டது, நீதிமன்றம் 6,72,000 டாலர் இழப்பீடு விதித்தது. ஓர் அசல் உறுப்பினர் இருந்தால் போதும், குழு அசலாகிவிடும் என்ற கொள்கை அன்றோடு செத்தது. பிளீட்வுட் மேக் கதை இதற்கும் முந்தியது. 1974இல் அந்தக் குழுவின் மேனேஜர், பெயர் தனக்கே சொந்தம் என்று சொல்லி வேறு ஆட்களைத் திரட்டி அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார். மிக் பிளீட்வுட் என்பவர் பெயரையே சுமக்கும் குழு, அவர் இல்லாமல் கச்சேரிக்குப் போயிற்று. அந்த மிக் பிளீட்வுட்டும் டிரம்ஸ்காரர்தான்.

இப்போது நம் பக்கம் வருவோம். பண்ணைப்புரம் இன்று தேனி மாவட்டம். 1985இல் திண்டுக்கல் மாவட்டம் பிரியும்வரை இரண்டு ஊரும் ஒரே மதுரை மாவட்டத்தில் இருந்தவை. ஆகவே ஆய்வெல்லையை மீறியதாக யாரும் குற்றம் சாட்ட முடியாது. அவ்வூர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளின் பாடகர். எல்லோருக்கும் தெரிந்த சினிமா மெட்டில் கட்சிக் கருத்தை ஏற்றிப் பாடுவதில் தேர்ந்தவர். பாவலர் என்பது அந்த மேடைகள் தந்த பெயர். 1958இல் கேரளத்துத் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் வென்றதில் பாவலர் பாட்டுக்கும் பங்குண்டு என்பது இடதுசாரி வட்டாரங்களில் இன்றும் பேச்சு. தம்பி ராசையா பதினான்கு வயதில் அண்ணனுடன் சேர்ந்தார். தொடக்கத்தில் அவருக்குத் தரப்பட்ட பொறுப்பு பெண்குரலில் பாடுவது. பிரிட்டிஷ் குழுக்களில் பாடகர்கள் சண்டை போட்டு விலகுவார்கள். ராசையா அந்தப் பொறுப்பிலிருந்து விலகியதற்குக் காரணம் குரல் உடைந்தது. அதை எந்த மேனேஜரும் சமாதானம் பேசித் தீர்க்க முடியாது.

வரதராசன், பாஸ்கர், ராசையா, அமர்சிங் என்று இந்த அணி ‘பாவலர் பிரதர்ஸ்’ என்ற பெயரில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் தென்னாடெங்கும் சுற்றியது. நேரு மறைவுக்குக் கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு ராசையா மெட்டமைத்ததும் இந்த நாட்களில்தான். பிறகு தம்பிகள் மதராசுக்குப் புறப்பட்டார்கள். அம்மா சின்னத்தாய் ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்தனுப்பியதைத் தமிழ்நாடே அறியும். அங்கே எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் இவர்கள் இடம் பிடித்தார்கள். அந்த அணியைக் கவனிக்க வேண்டும்: அனிருத்தா ஆர்மோனியம், பின்னாளில் இளையராஜாவான ராசையா கிட்டார் (பிறகு ஆர்மோனியம்), கங்கை அமரனாகிவிட்ட அமர்சிங் இன்னொரு கிட்டார், பாஸ்கர் தாளக் கருவிகள். உலகத்தின் எந்த ராக் குழுவும் பொறாமைப்படக்கூடிய அணி இது. அன்றைக்குக் கல்யாணக் கச்சேரிக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டிருந்தது.

1976இல் ‘அன்னக்கிளி’க்கு இசையமைப்பாளர் பெயர் என்ன போடுவது என்று பஞ்சு அருணாசலம் கேட்டபோது, ‘பாவலர் பிரதர்ஸ்’ என்று போடலாமே என்றுதான் ராஜா சொன்னாராம். அது பழைய பாணி என்று பஞ்சு மறுத்தார். பாடகர் ஏ.எம். ராஜா ஏற்கெனவே இருந்ததால் இவர் இளையராஜா ஆனார். ஆய்வாளர்கள் இந்தக் கணத்தைப் போதிய அளவு கவனிக்கவில்லை. உலகக் குழுக்கள் ஆள் போய்க் கலைகின்றன, குடித்துக் கலைகின்றன, வழக்காடிக் கலைகின்றன. டைட்டில் கார்டில் இடம் கிடைக்காமல் ஒரு குழு பெயரை இழந்தது பண்ணைப்புரம் வரலாற்றில் மட்டுமே.

கால ஒப்பீட்டை இங்கே செய்துவிடுவது நல்லது. டீப் பர்ப்பிள் தொடங்கிய 1968இல்தான் ராஜா மதராசில் தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவரானார். கில்லன் விலகிய 1973இல்தான் பாவலர் வரதராசன் காலமானார். இரட்டை இலை துளிர்த்ததும் அவ்வாண்டே. டீப் பர்ப்பிள் கலைந்தது 1976. அன்னக்கிளி வந்தது 1976. கில்லன் இரண்டாம் முறை வெளியேறிய 1989இல் சேவலும் புறாவும் மோதின. கங்கை அமரன் இயக்கத்தில், இளையராஜா இசையில், ஊர் ஊராய்ப் போகும் ஒரு கலைக்குழுவின் கதையான ‘கரகாட்டக்காரன்’ வெளிவந்ததும் அவ்வாண்டே. இவற்றைத் தற்செயல் என்று சொல்பவருக்கு முனைவர் பட்டம் கிடைப்பது கடினம்.

சரி, டைட்டில் கார்டில் தோற்ற பெயர் எங்கே போயிற்று? 1981இல் பாரதிராஜா இயக்கிய ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தைத் தயாரித்த நிறுவனம் பாவலர் கிரியேஷன்ஸ். தயாரிப்பாளர் பாஸ்கர். மெட்டுப் போட்டவர் தன் பெயரில் போனார். பாட்டு எழுதிய கங்கை அமரன் தன் பெயரில் போனார். அண்ணன் பெயரை எடுத்துப் பலகையில் மாட்டியவர் தாளக் கருவிக்காரர்.

ஹெர்ட்ஃபோர்டில் பெய்ஸ், லண்டனில் பிளீட்வுட், பண்ணைப்புரத்தில் பாஸ்கர். இதிலிருந்து நாம் வகுக்கும் விதி இது: குழுவின் பெயர் தோல்கருவிக்காரரிடமே தங்கும். தோல் பதனிடும் தொழிலுக்கு நெடுநாள் பேர் போன திண்டுக்கல்லிலிருந்து இவ்விதி புறப்படுவது பொருத்தமே. முன்னோர் சான்றும் உண்டு. சிலப்பதிகாரம் அரங்கேற்று காதையில் மாதவியின் மேடைக்கான அணியை வரிசையாக அடுக்கும் இளங்கோ, குழலாசிரியனுக்கும் யாழாசிரியனுக்கும் முன்னால் தண்ணுமை ஆசிரியனை நிறுத்துகிறார். காரணம் சொல்லவில்லை. சேர நாட்டிலும் கச்சேரிக்கு வண்டி வாடகை இருந்திருக்கும்.

காரணம் வண்டிதான். கீபோர்டை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு எதிர்க்குழுவுக்கு பஸ் ஏறிவிடலாம். பாடகருக்கு அந்தச் சுமையும் இல்லை, தொண்டையோடு போய்விடலாம். டிரம்ஸ் செட்டு, டோலக், தபேலா, பேடு, அவற்றின் ஸ்டாண்டு, இத்தனையும் பஸ்ஸில் ஏறா, கண்டக்டர் விடமாட்டார். வேன் வேண்டும். வேன் பிடிப்பவர் வாடகைக் கணக்கு வைப்பார். கணக்கு வைப்பவரிடம் நோட்டுப் புத்தகம் இருக்கும். நோட்டுப் புத்தகத்தில் எந்தெந்த ஊர் விழாக் கமிட்டியின் போன் நம்பர் இருக்கிறதோ அந்தந்த ஊரில் குழுவின் பெயர் அவருடையது. மேலும், டோலக் வாசிப்பவரை சினிமாவில் கதாநாயகனாக்குகிறேன் என்று யாரும் அழைத்துப் போவதில்லை. லட்சியம் குறைந்த இடத்தில் பெயர் பத்திரமாக இருக்கிறது.

மறுப்புகள் வரும். ‘யெஸ்’ குழுவில் 2015 வரை நிலைத்து நின்றவர் பேஸ் கிட்டார்காரர் கிறிஸ் ஸ்குவையர்தானே என்பார்கள். பேஸ் கிட்டார் நரம்பு கட்டிய முரசு என்று கொண்டால் தீர்ந்தது. பீட்டில்ஸ் 1962இல் டிரம்ஸ்காரர் பீட் பெஸ்ட்டை நீக்கிவிட்டு வெற்றி பெறவில்லையா என்பார்கள். பெற்றது, எட்டே ஆண்டில் கலைந்தும் போயிற்று. டீப் பர்ப்பிள் அரை நூற்றாண்டைத் தாண்டி நிற்கிறது. லெட் செப்லின் நம் சார்பில் தானே வந்து சாட்சி சொல்கிறது: 1980 செப்டம்பரில் டிரம்ஸ்காரர் ஜான் பான்ஹம் இறந்தார், டிசம்பரில் குழு முடிந்தது. சார்லி வாட்ஸ் 2021இல் மறைந்தபிறகும் ரோலிங் ஸ்டோன்ஸ் தொடர்வதுதான் கொஞ்சம் இடிக்கிறது. அந்த வழக்கு நிலுவையில் இருக்கிறது.

இரண்டாம் தலைமுறை பற்றி ஒரு குறிப்பு மட்டும். 2007இல் ‘சென்னை 600028’ வந்தது. தயாரித்தவர் எஸ்.பி.பி. மகன் சரண். இயக்கியவர் கங்கை அமரன் மகன் வெங்கட் பிரபு. அவர் தம்பி பிரேம்ஜி அதில் நடித்தார். இசை இளையராஜா மகன் யுவன். எழுபதுகளின் கல்யாணக் கச்சேரி அணி, வேறு பெயரில், வேறு தொழிலில், மறுபடி மேடையேறியிருக்கிறது. டீப் பர்ப்பிள் கணக்குப்படி இதற்கு எத்தனையாவது மார்க் என்று குறிப்பது அடுத்த ஆய்வாளர் பொறுப்பு.

கடைசியாகச் சமவெளியின் விழாக் கமிட்டியாருக்கு ஒரு வேண்டுகோள். “அதே பழைய குழுவா?” என்று போனில் கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். டோலக் யார், வேன் யாருடையது என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் பதிலாக வந்தால் அட்வான்ஸைத் தயங்காமல் கொடுங்கள். கச்சேரி முடிந்ததும் மீதித் தொகையையும் அவர் கையிலேயே கொடுத்து, சாப்பாட்டுப் பொட்டலம் மற்றவர்களுக்கும் போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.