பின்பக்கம் பார்க்கும் அண்ணாச்சி

நாமெல்லாம் ஒரு பொருளின் முகத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள். அண்ணாச்சி முதுகைப் பார்க்கிறவர். டார்ச் லைட்டோ, தண்ணீர் பாட்டிலோ, பேரனுக்கான பொம்மைக் காரோ, கையில் எடுத்ததும் கவிழ்த்துவிடுவார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அடியில் பொடி எழுத்தில் எந்த நாட்டுப் பெயர் ஒளிந்திருக்கிறது என்று தேடுவார். கிடைத்துவிட்டால் கடைத்தெருவே கேட்கும்படி வாசித்துக் காட்டிவிட்டு, வாங்காமல் படியிறங்குவார். வாசிக்க ஒன்றும் கிடைக்காவிட்டாலும் வாங்கமாட்டார் என்பது பண்பொழி கடைக்காரர்களுக்குப் புரியச் சில வருஷம் பிடித்தது.

ஊருக்கு ஒருவராவது இந்த ரகத்தில் உண்டு. எங்கள் ஊர்க்காரர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொஞ்சம் தென்னந்தோப்பு உண்டு. திருமலைக்கோவில் சாலை டீக்கடையில், மலையைப் பார்த்த பெஞ்சு முனை அவருடையது. டில்லியில் வெளியுறவு அமைச்சர் யாராக இருந்தாலும், இணை அமைச்சர் பொறுப்பு அந்தப் பெஞ்சில்தான்.

அவருடைய புறக்கணிப்பு வரலாறு நீளமானது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூடு ஆறுமுன், 2017 மார்ச் 1 முதல் கோக்கும் பெப்சியும் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன அல்லவா? அன்றே அண்ணாச்சி சபதம் செய்தார், இனி அது தொண்டையில் இறங்காது என்று. பெஞ்சு கைதட்டியது. அவருக்குச் சர்க்கரை ஏறி, தென்காசி டாக்டர் முன்பே எல்லா இனிப்புச் சோடாவையும் நிறுத்தச் சொல்லியிருந்தது வீட்டு ஆச்சிக்கு மட்டும் தெரியும். பொவண்டோவுக்கு மட்டும் விலக்கு வேண்டும், அது விருதுநகர்ச் சரக்கு என்று டாக்டரிடம் வாதாடிப் பார்த்தாராம். டாக்டர் தேசபக்தி இல்லாதவர்.

2020 ஜூன் 29 அன்று அரசாங்கம் 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. எதிர்வீட்டுப் பையனின் செல்போனைப் பிடுங்கி டிக்டாக்கை அழித்து, அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். 2024 ஜனவரியில் மாலத்தீவு தகராறு வந்தபோது, இனி மாலத்தீவுக்குச் சுற்றுலா போவதில்லை என்று முடிவெடுத்தார். அதுவரை அவர் சுற்றுலா போன அதிகபட்சத் தூரம் பழனி. மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமானும் காலங்காலமாக ஏற்றிப்போவது நம் தூத்துக்குடித் தோணிகள்தான் என்றும், அதே வருஷம் ஏப்ரலில் இந்திய அரசே அந்தத் தீவுகளுக்கு அரிசி, முட்டை, வெங்காயம் அனுப்பத் தனி ஒதுக்கீடு கொடுத்தது என்றும் யாரோ எடுத்துச் சொன்னார்கள். "அது ராஜதந்திரம்டே, உனக்குப் புரியாது" என்று முடித்துவிட்டார்.

2025 மே மாதம் துருக்கி ஆப்பிளின் முறை. தென்காசி பழக்கடையில் ஒவ்வொரு ஆப்பிளாக எடுத்து ஸ்டிக்கரைப் பார்த்தார். "இது சிம்லா, அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். "அப்பச் சரி" என்று திருப்தியோடு எல்லாவற்றையும் திரும்ப வைத்துவிட்டு பஸ் ஏறினார். அந்த வருஷம் செப்டம்பரில் சோஹோ கம்பெனியின் அரட்டை செயலி ஓஹோவென்று எழுந்தபோது அவர் தரையில் நடக்கவில்லை. சோஹோவின் அலுவலகம் இருக்கும் மத்தளம்பாறை, நம் தென்காசிப் பக்கத்துக் கிராமம். உலகமே அரட்டைக்கு மாறவேண்டும் என்று ஊரில் எல்லோருக்கும் செய்தி அனுப்பினார், வாட்ஸ்அப்பில்.

இந்தப் பட்டியலில் அவர் கைவிட்டதெல்லாம் அவரிடம் இல்லாத பொருள்கள். அவரிடம் இருந்து அவர் விட்டது ஏதாவது உண்டா என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன், அகப்படவில்லை. முல்லைப் பெரியாறு சூடாகும்போது மட்டும் கொஞ்சம் சிக்கல் வரும். கேரளாவுக்கு ஒரு கட்டுக் கீரைகூடப் போகக்கூடாது, புளியரைச் சோதனைச்சாவடியை மூடு என்று காலையில் முழங்குவார். மாலையில் அவருடைய தேங்காய் லாரி எல்லையில் நின்றுவிட்டால், "ரெண்டு மாநிலமும் அண்ணன் தம்பியா இருக்க வேண்டாமாவே?" என்று உருகுவார். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. அவருடைய தாத்தா அங்கே வாங்கித் தின்ற முறுக்குகூடச் சமஸ்தானச் சரக்குதான் என்று சொன்னால், "அப்பக் காலம் வேற" என்பார்.

இப்படிப்பட்டவரிடம்தான் பாய்ப்படகு விவகாரம் வந்து சேர்ந்தது. கடலே இல்லாத ஊர் எங்களுடையது. மேக்கரையில் அடவிநயினார் அணை உண்டு, வயல்கள் உண்டு, சீசனில் சாரல் உண்டு. படகு என்றால் ஐந்தருவி போகும் வழியில் வெண்ணமடைக் குளத்தில் மிதிக்கிற படகுதான். அண்ணாச்சி அதிலும் ஏறியதில்லை. கரையில் நின்று, "இது எந்த ஊர் பிளாஸ்டிக்?" என்று கேட்டதோடு சரி. ஆனால் அவருடைய தங்கை மகன் கொச்சியில் நல்ல சம்பளத்தில் இருக்கிறான். போல்காட்டித் தீவில் படகுத்துறை இருக்கிறதல்லவா, அங்கே கட்டிவைக்க இரண்டு நண்பர்களோடு சேர்ந்து பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கப்போகிறானாம். மாமனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம் என்று போன் போட்டான்.

"எந்த நாட்டுப் படகு, மாப்ள?"

"பிரான்சுல செஞ்சது ஒண்ணு, ஜெர்மனியில செஞ்சது ஒண்ணு இருக்கு மாமா. பிரெஞ்சுதான் நல்லா இருக்கு."

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். இரு நாட்டு உறவு அவருக்குள் நிறுக்கப்படுவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். "பிரான்சு நம்மாளு. ரஃபேல் 36 கொடுத்தவன். தாராளமா வாங்கு" என்று அனுமதி வழங்கினார். பிறகுதான் அடிப்பக்கத்தைப் பார்க்கும் புத்தி வேலை செய்தது. "அதுல எஞ்சின் யாருது?"

"ஜப்பான்."

"சரி, ஜப்பான்காரன் நல்லவன்."

"திசை காட்டுற கருவி தைவான்ல செஞ்சது."

"அடிச்சக்கை!" பெஞ்சே ஆடியது. சீனாவுக்கு ஆகாத நாட்டைப் படகில் வைத்துக்கொண்டு போவதில் அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "பாய்?"

"புதுசா மாட்டணும் மாமா. இலங்கையில நல்லாத் தைக்காங்க. பெரிய பெரிய பந்தயப் படகுக்கெல்லாம் அங்கேருந்துதான் போகுது."

அண்ணாச்சியின் முகம் கச்சத்தீவாகிவிட்டது. 1974இல் இருந்து தொடங்கினார். டீ ஆறியது. மீனவர் கைது, விசைப்படகு பறிமுதல், எல்லாம் வந்தது. அதில் பாதி நியாயமான ஆத்திரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் படகின் உடம்பு ஒரு தேசம், இதயம் ஒரு தேசம், கண் ஒரு தேசம், சட்டை ஒரு தேசம் என்றிருந்தால், எதை வைத்து அதற்குக் குடியுரிமை கொடுப்பது? அண்ணாச்சிக்கே குழப்பம் வந்துவிட்டது. குழம்பினால் அவர் பிடித்துக்கொள்ளும் கொம்பு ஒன்று உண்டு.

"வ.உ.சி. என்ன செஞ்சாரு? வெள்ளைக்காரன் கப்பல்ல ஏறமாட்டேன்னு சொந்தக் கப்பல் விட்டாரா இல்லையா? அந்த வைராக்கியம் வேணும்டே!"

அவருக்கு வ.உ.சி.யைத் தெரிந்தது 1961இல் வந்த சிவாஜி படம் வழியாக. அதில் ஒன்றும் குற்றமில்லை, பலருக்கும் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு பெஞ்சின் மறுமுனையில் ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியார் ஒருவர் வடையை மென்றுகொண்டிருந்தார்.

"காலியான்னு ஒரு கப்பல், லாவோன்னு ஒரு கப்பல். ரெண்டையும் எங்க வாங்கினாங்கன்னு தெரியுமா அண்ணாச்சி?"

"தூத்துக்குடியில கட்டியிருப்பாரு."

"பிரான்சுல வாங்கினது."

பெஞ்சில் ஒரு நிமிஷம் பேச்சில்லை. வாத்தியார் வடையை முடித்துக்கொண்டு தொடர்ந்தார். 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் பதிவானது சுதேசி நாவாய்ச் சங்கம். மூலதனம் பத்து லட்சம், 25 ரூபாய் பங்குகள் 40,000. தலைவர் பாண்டித்துரைத் தேவர். பங்கு இந்தியருக்கும் இலங்கையருக்கும் மற்ற ஆசியருக்கும் மட்டும். முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் கப்பலை வாடகைக்கு எடுத்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி அந்த வாடகைக் கப்பலையும் மிரட்டித் திரும்பவைத்தது. அதன்பிறகுதான் சொந்தக் கப்பல் என்று வ.உ.சி. பம்பாய்க்கு ஓடினார். 1907இல் காலியாவும் லாவோவும் தூத்துக்குடிக்கு வந்தன, ஊர் திரண்டு வரவேற்றது.

அந்தக் காலத்தில் இங்கே நீராவிக் கப்பல் கட்டித்தர ஆள் கிடையாது. அதனால் கப்பல் எந்த ஊர்ப் பட்டறையில் பிறந்தது என்பது வ.உ.சி.க்கு ஒரு விஷயமாகவே இல்லை. பயணிகள் கொடுக்கும் டிக்கெட் காசு யார் பெட்டிக்குப் போகிறது என்பதுதான் விஷயம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே போகிற அரிசி மூட்டைக்கும் ஆளுக்கும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி வைத்ததுதான் கட்டணம் என்றிருந்ததை உடைக்க வேண்டும். உடைத்ததும் என்ன நடந்தது? அவன் கட்டணத்தைக் குறைத்தான், இவர்களும் குறைத்தார்கள். கடைசியில் காசே வேண்டாம், ஏறுங்கள், குடையும் தருகிறோம் என்று அவன் கூவியதாகத் தூத்துக்குடிக்காரர்கள் சொல்வார்கள். இலவசமும் குடையும் தேடிவந்தும் காசு கொடுத்து மற்றக் கப்பலில் ஏறினானே ஒரு பயணி, அவன்தான் என் கணக்கில் புறக்கணித்தவன். அவன் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. 1908 கோரல் மில் வேலைநிறுத்த நாட்களில், வெள்ளைக்காரர் பக்கம் பேசிய வக்கீலைப் பாதிச் சவரத்தோடு விட்டுவிட்டு எழுந்துபோன நாவிதர் கதையும் உண்டு. போனது அவருடைய கூலி.

வ.உ.சி.க்குப் போனது என்னவென்று சொல்லவேண்டியதில்லை. 1908 மார்ச் 12 கைது, ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை, கோவைச் சிறையில் செக்கு. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1912 டிசம்பரில் வெளியே வருவதற்குள் கம்பெனியே இல்லை. ஆகவே ஒரு கப்பலை வாங்கும்போது அரசியல் பார்க்கலாமா என்று யாராவது கேட்டால், பார்க்கலாம், தாராளமாகப் பார்க்கலாம் என்றே நான் சொல்வேன். அந்த அரசியலுக்குப் பில் வரும் என்பதைத்தான் அண்ணாச்சி ரகத்தினர் விட்டுவிடுகிறார்கள்.

அண்ணாச்சி விடுகிறவரா? தூத்துக்குடி கைவிட்டால் செங்கோட்டை இருக்கிறதே. "அப்ப வாஞ்சிநாதன்? நம்ம பக்கத்து ஊர்ப் பிள்ளை! 1911 ஜூன் 17, மணியாச்சி, ஆஷ் துரை!" தேதியெல்லாம் சரியாகவே சொன்னார்.

"அந்தத் துப்பாக்கி பெல்ஜியம் சரக்கு, அண்ணாச்சி" என்றார் வாத்தியார், டம்ளரை வைத்தபடி.

இந்த வாத்தியார்களை டீக்கடைகளில் அனுமதிக்கக்கூடாது.

போனில் காத்திருந்த மருமகன், மாமாவைத் தேற்றவோ என்னவோ, நம் கடற்படையின் பாய்க்கப்பல் கதையை எடுத்தான். தாரிணி, கோவாவில் கட்டியது. 2017 செப்டம்பரில் ஆறு பெண் அதிகாரிகள் அதில் புறப்பட்டு 254 நாளில் உலகைச் சுற்றி வந்தார்கள். 2024 அக்டோபரில் மறுபடி கிளம்பிய அதே கப்பலில் இருவர் மட்டுமே. ஒருவர் கேரளத்து தில்னா, இன்னொருவர் புதுச்சேரி ரூபா. அடுத்த மே மாதம் திரும்பினார்கள். அண்ணாச்சிக்கு உயிர் வந்தது. "பாத்தியா! கோவாவிலயே கட்டுதான். அப்புறம் எதுக்கு பிரெஞ்சுக்காரன் படகு?"

"வடிவம் போட்டுக் கொடுத்தது டச்சுக்காரன் மாமா."

அண்ணாச்சி வாத்தியாரை முறைத்தார், அவர்தான் போன் செய்து சொல்லிக்கொடுத்ததுபோல. வாத்தியார் வானத்தைப் பார்த்தார், மேற்கே சாரல் திரண்டுகொண்டிருந்தது. ஒன்று சொல்லவேண்டும், அண்ணாச்சி தோற்றும் தளராதவர். உலகத்தில் ஒரு நாட்டையும் முழுதாக நம்பமுடியாது என்பதையே புதுக் கொள்கையாக அறிவித்து, பழைய முடிவுக்கே திரும்பிவந்தார். "சரி, பிரான்சையே வாங்கிப் போடு. வ.உ.சி.யே அங்கதான் வாங்கியிருக்காரு. நமக்கென்ன!"

"ரொம்பச் சந்தோஷம் மாமா. அதான் உங்ககிட்ட மொதல்ல கேட்டேன். என் பங்குல ரெண்டு லட்சம் குறையுது. தோப்புக் காசு வந்திருக்குமே, ஆறு மாசத்துல திருப்பித் தந்துருதேன்."

சுதேசி நாவாய்ச் சங்கத்துக்குப் பங்கு கேட்டு வந்தவர்களைப் பார்த்து அன்றைக்கும் எத்தனை பேர் இப்படி நின்றார்களோ! அண்ணாச்சியின் கை கழுத்துத் துண்டைத் தேடியது. முகத்தில் மறுபடி இரு நாட்டு உறவு நிறுக்கப்பட்டது. இந்தத் தடவை முள் வேறு பக்கம் சாய்ந்தது.

"மாப்ள, அவசரப்படாத. பிரான்சுக்காரன் புதுச்சேரியை எப்ப விட்டான்னு தெரியுமா உனக்கு? 1954! நமக்குச் சுதந்திரம் வந்து ஏழு வருசம் கழிச்சு! அவ்வளவு நாள் பிடிச்சு வச்சிருந்தவன் படகுல நாம காசு போடலாமா? மனசாட்சி வேண்டாமா?"

"அப்ப ஜெர்மன் படகுக்குத் தருவீங்களா மாமா?"

அண்ணாச்சி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். மறுபடி காதில் வைத்தார். "ஹலோ? ஹலோ? என்னடே சொல்லுத? ஒண்ணும் கேக்கல மாப்ள. சைனா போனு பாத்துக்கோ, இப்படித்தான் அடிக்கடி கழுத்தறுக்கு."