நூல் கட்டிய பாகைமானி

1984இல் பத்தாம் வகுப்பு படித்தபோது எங்கள் கணக்கு வாத்தியார் ஒரு நாள் வகுப்பையே வெளியே கூட்டிப்போனார். கொண்டப்பநாயக்கன்பட்டியில் வெளியே வந்தால் வேறென்ன தெரியும்? வடக்கே சேர்வராயன் மலை. வழியில் கொட்டிக் கிடந்த வெள்ளைக்கல்லில் ஒரு துண்டைப் பொறுக்கி நூலில் கட்டி, அந்த நூலை என் பாகைமானியின் நடுத்துளையில் கோத்தார். சேலத்து மண்ணுக்கடியில் மேக்னசைட் உண்டு என்பது உலகத்துக்குச் செய்தி. எங்களுக்கு அது சிலேட்டில் எழுதுகிற கல்.

பாகைமானியின் நேர்விளிம்பு வழியாக ஒரு பனையின் உச்சியைப் பார்க்கச் சொன்னார். நூல் நேராகத் தொங்கி, தொண்ணூறிலிருந்து 30 பாகை விலகி நின்றது. பனையை நோக்கி நாற்பது அடி நடந்து மறுபடி பார்த்தேன். 45 பாகை. "இப்ப மரத்தோட உயரம் எக்ஸ். பக்கத்தில் நிற்கும்போது மரத்துக்கும் உனக்கும் உள்ள தூரமும் எக்ஸ். தள்ளி நின்றபோது எவ்வளவு?" என்றார். எக்ஸுடன் நாற்பது. அதுவே எக்ஸின் 1.732 மடங்கு. மணலில் குச்சியால் எழுதினேன். எக்ஸ் ஐம்பத்து நாலரை அடியைக் கொஞ்சம் தாண்டி வந்தது. என் கண்மட்டத்துக்கு நாலரை அடி கூட்ட, பனை ஐம்பத்தொன்பது அடி. ஏறாமல், தொடாமல். இயற்கணிதமும் முக்கோணவியலும் அதுவரை எனக்கு இரண்டு தனித்தனிப் பாடங்கள். அன்றைக்கு மணலில் அவை ஒன்றாகின.

எங்கள் ஊர் ஆசாரிகளும் கணக்குக்காரர்கள்தான். வெட்டவெளியில் ஒரு முளையை நட்டு அதைச் சுற்றி வட்டம் போடுவார்கள். காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு குறி, மாலையில் தொடும் இடத்தில் ஒரு குறி. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. மனையின் சுற்றளவைக் கோலால் அளந்து, மூன்றால் பெருக்கி, எட்டால் வகுத்து மீதியைப் பார்ப்பார்கள். அதற்கு யோனிப் பொருத்தம் என்று பெயர். மீதி ஒற்றைப்படையானால் நல்லது. பாலிடெக்னிக் படிக்கும்போது அதைச் சமன்பாடாக எழுதிப் பார்த்தேன். சுற்றளவு ஒற்றைப்படைக் கோலாக இருந்தால் மீதியும் ஒற்றைப்படையாகத்தான் வரும். பெருக்கவும் வேண்டாம், வகுக்கவும் வேண்டாம். வீட்டில் சொன்னபோது அப்பாவுக்குக் கோபம். பெரியவர்களைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடித்தான் போயிருந்தது.

1993இல் சிங்கப்பூர் போனேன். கட்டுமானத்தில் சர்வே வேலை, தியோடலைட்டுடன் பகல் முழுக்க. அஸ்திவாரம் போடும் முன்பு ஃபெங் சுயி பார்க்கும் வயதான சீனர் ஒருவர் வந்தார். கையில் சதுரப் பலகை, அதன்மேல் வட்டத் தட்டு, நடுவில் காந்த ஊசி, குறுக்கே இரண்டு சிவப்பு நூல்கள். லுவோபான் என்றார்கள். கட்டி வைத்த கம்பிக் கூட்டைப் பார்த்ததும் அவர் தள்ளிப் போய்விட்டார். இரும்புக்குப் பக்கத்தில் ஊசி பொய் சொல்லும். நாலைந்து இடத்தில் நின்று பார்த்து ஒப்பிட்டார். அளவெடுப்பவன் செய்ய வேண்டியதும் அதுதான்.

தட்டின் ஒரு வளையத்தில் 24 பங்கு. ஒவ்வொன்றும் 15 பாகை. அந்தப் பங்குக்குச் சீனர்கள் வைத்த பெயர் 'மலை'. இருபத்துநான்கு என்றதும் எனக்கு ஆரியபட்டர் நினைவு வந்தது. அவரும் 499இல் கால் வட்டத்தை 24 பங்காக்கித்தான், மூன்றேமுக்கால் பாகைக்கு ஒன்றாக, 'ஜ்யா' அட்டவணை தந்தார். ஜ்யா என்றால் வில்லின் நாண். அந்தச் சொல்தான் அரபிக்குப் போய், லத்தீனுக்குப் போய், 'சைன்' ஆகத் திரும்பி வந்தது. அட்டவணை கிழக்கேயும் போயிருக்கிறது. சீனத்து தாங் அரசவையில் இருந்த இந்திய வம்சாவளி வானியலாளர் கௌதம சித்தர் 718இல் இந்தியக் கணக்குகளைச் சீனத்தில் எழுதியபோது இதையும் சேர்த்தார். அங்கே அது வேர் பிடிக்கவில்லை. இரண்டு இருபத்துநான்குக்கும் உறவு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பெரியவருக்கு எதிரே நான் அந்நியனாக நிற்கவில்லை.

திசை பார்த்து முடித்ததும் அவர் நேரே மழைநீர்க் கால்வாய்க்கு நடந்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எங்கே தேங்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஃபெங் என்றால் காற்று, சுயி என்றால் நீர் என்று மேற்பார்வையாளர் விளக்கினார். அந்த ஊரின் சன்டெக் சிட்டியில் ஐந்து கோபுரங்களை ஐந்து விரல்களாக நிறுத்தி, உள்ளங்கையில் பெரிய நீரூற்று வைத்திருக்கிறார்கள். கட்டைவிரலுக்கு மட்டும் 18 மாடி, மற்றவற்றுக்கு 45. ஹாங்காங்கில் 1990இல் முடிந்த சீன வங்கிக் கோபுரத்தின் முக்கோண விளிம்புகள் அக்கம்பக்கத்தைக் கத்தியாகக் குத்துகின்றன என்று சண்டையே நடந்தது. காற்றுக்கு எதிராக அக்கோபுரத்தைத் தாங்குவது அதே முக்கோணங்கள்தான். எனக்கு இவை எல்லாவற்றிலும் மனத்தில் தங்கியது அந்தக் கிழவரின் கால்வாய்.

நான் ஊர் திரும்பியபோது பனை இல்லை. அது நின்ற இடம் மனைப்பிரிவு. விழுந்த மரத்தை டேப்பால் அளந்து அந்த ஐம்பத்தொன்பது அடியைச் சரிபார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அங்கேதான் தம்பி வீடு கட்டினான். மனை பார்க்கும் ஆலோசகர் வந்தார், கம்பி நிறைந்த தளத்தின்மேல் நின்று செல்போனில் திசை பார்த்தார், வாசலை அரையடி நகர்த்தினார். கூடத்தில் சிரிக்கும் புத்தர், வாசலில் மூங்கில் செடி, நிலைமேல் மணி. மலையிலிருந்து வரும் ஓடை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மனை போட்டபோது அதை மேடுதட்டி மறைத்திருந்தார்கள். சேலத்தைச் சுற்றிலும் நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கோதுமலை. காற்றை மறிக்க மலை, முன்னால் நீரைத் தாங்க ஏரி என்று ஃபெங் சுயி தேடும் அமைப்பு இங்கே இயற்கையாகவே இருக்கிறது. அதைத் தாங்கி நின்றது ஓடைதான்.

போன ஐப்பசி மழையில் தண்ணீர் ஈசானிய மூலையில் பூஜை அறை வழியாகவே வந்தது. மறுநாள் லெவல் கருவியை வைத்துத் தம்பிக்குக் காட்டினேன். பழைய ஓடைத் தரையைவிட வாசல் ஒன்றரை அடி தாழ்வு.

"அண்ணே, முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?" என்றான். சொல்லியிருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

தம்பி மகள் இப்போது பத்தாவது. மொட்டைமாடியில் அவளுக்கு ஒரு பாகைமானியில் நூல் கட்டிக் கொடுத்தேன். ஏற்றக்கோணத்துக்குப் பனை இல்லாததால் அவள் அதைக் கீழே திருப்பினாள்.

"பெரியப்பா, இறக்கக்கோணம் வச்சு தண்ணி வந்த வழியையும் கண்டுபிடிக்கலாமா?"

"கண்டுபிடிக்கலாம்டா. ஆனா நடந்து போய் அளக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஐம்பது மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மலைப்பக்கம் கிளம்பினோம். மூன்றாவது காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் ஓடைக்கரைத் தாழம்புதர் ஒன்று இன்னும் இருந்தது. அங்கே முதல் முளையை அடித்தோம்.