கரண்ட் குடித்த கை

கே: அப்பா இரும்புக்கை மாயாவியைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார். இப்போது வருகிற இருண்ட சூப்பர்ஹீரோ கதைகளுக்கு முன்னால் அது சின்னப் பிள்ளைகளின் கதைதானே?
– பதினொராந்தர மாணவன், மாங்கேணி

ப: தம்பி, அப்பாவிடம் பழைய முத்து காமிக்ஸ் இருந்தால் முதலில் அதைக் கரையானிடமிருந்து காப்பாற்றுங்கள், வாதத்தைப் பிறகு வைத்துக்கொள்வோம். 1972இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். கதை பிறந்த இடம் இங்கிலாந்து: 1962இல், 'வேலியண்ட்' வார இதழ். ஸ்பைடர்மேன் வந்ததும் அதே வருடம்தான்.

மாயாவியான ஆய்வுகூட உதவியாளன் லூயிஸ் கிராண்டேலுக்கு வலக்கை ஏற்கெனவே போய்விட்டது. அந்த இடத்தில் இரும்புக்கை. பிறகு ஒரு விபத்தில் பெருமின்சாரம் தாக்குகிறது. உடம்பு மறைகிறது, இரும்புக்கை மட்டும் தெரிகிறது. சக்தி கிடைத்தவுடன் ஊருக்கு உதவினானா? களவெடுக்கத்தான் போனான். நல்லவனாகி நிழற்படை என்ற இரகசிய அமைப்பில் சேர்ந்ததெல்லாம் பிந்திய கதை. அதன் பிறகும் சலுகை இல்லை: மறைய வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் மின்சாரத்தில் கைவைத்து அந்த அடியை வாங்கியாக வேண்டும். ஸ்பானிய ஓவியர் ஜெசுஸ் பிளாஸ்கோ மையை அள்ளிக் கொட்டிய நிழல்களுக்கு நடுவே அந்தக் கை தனியே மிதந்து வருவதை இரவில் பாருங்கள். நீங்கள் சொல்கிற இருண்ட சூப்பர்ஹீரோ வகையில் பேர்போன 'வாட்ச்மென்' 1986இல்தான் வந்தது. அப்பா உங்களை முந்திவிட்டார்.

கே: மாயாவி எங்கள் பக்கம் பிறந்திருந்தால்?
– மின்வேலை செய்பவர், வாழைச்சேனை

ப: 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. மனிதர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோரையும் போல மண்ணெண்ணெய் வரிசையில் நின்றிருப்பார். கடல்காற்று வேறு. நம் சைக்கிள் ஹாண்டில் ஒரு மாரிக்கே செம்மண் நிறமாகிவிடும். அந்தக் கைக்குக் கிரீஸ் பூசியே சம்பளம் முடிந்திருக்கும்.

கே: மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்களாமே, அது என்ன சக்தி?
– யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்

ப: எருமைத் தயிர். ஒட்டினவருக்குச் செலவில்லை, வீட்டுக்காரருக்குத்தான்.

கே: சக்திக்கு விலை கொடுப்பதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, வாகரை

ப: டீச்சர், விடை தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள். திருகோணமலையில் பாறைப் பிளவுக்கே பெயர் கொடுத்தவர் இராவணன். தவத்தில் ஆயிரம் வருடத்துக்கு ஒரு தலை என்று ஒன்பது தலைகளை அறுத்து நெருப்பில் போட்டார். பத்தாவதில் கைவைத்தபோதுதான் பிரமன் வந்தார். தேவராலும் அசுரராலும் சாவில்லை என்று வரம். மனிதரைக் கேட்கவில்லை, அவ்வளவு இளக்காரம். பின்னால் வந்த பில் அந்த விடுபட்ட வரியில்தான்.

உடுப்பையும் பாருங்கள். அமெரிக்க வீரன் மேலங்கியைப் போட்டதும் பறக்கிறான். நம் வடமோடிக் கூத்து அரசன் கரப்புடுப்பையும் முடியையும் சுமந்து விடிய விடிய ஆடுகிறார். காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பவரிடம் கேளுங்கள், அரசனாக இருந்தால் என்ன வலி என்று சொல்வார்.

கே: 'மாவீரன்' படம்?
– கல்குடா

ப: படக்கதை வரைகிற கோழைக்கு மேலேயிருந்து ஒரு குரல் கேட்கிறது, அதே குரல் அவன் சாகப்போவதையும் சொல்லிவிடுகிறது. 2023இல் தமிழில் வந்த நல்ல கற்பனை. சண்டைகளைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம்.

கே: 'மின்னல் முரளி' பார்த்ததிலிருந்து மகன் இடி முழங்கும்போது முற்றத்தில் போய் நிற்கிறான். சக்தி வருமாம்!
– ஒரு அம்மா, கதிரவெளி

ப: அந்தப் படத்தில் ஒரே இரவில் இரண்டு பேருக்கு மின்னல் அடித்தது அம்மா. தையற்காரன் வீரனானான். தேநீர்க்கடைத் தொழிலாளி, ஊரே பைத்தியம் என்று ஒதுக்கிய பாவி மனிதன், வில்லனானான். குரு சோமசுந்தரம் நடித்த அந்த வில்லனைப் பார்த்துத்தான் எனக்குக் கண் கலங்கியது. ஆகப் படத்திலேயே பாதிக்குப் பாதிதான் தேறியது. படத்துக்கு வெளியே மின்னலில் சக்தி வந்து ஒருவரும் தேறவில்லை. மகனை உடனே உள்ளே கூப்பிடுங்கள். ஏச வேண்டுமென்றால் அதையும் உள்ளே வைத்தே ஏசுங்கள். நீங்களும் முற்றத்தில் நிற்க வேண்டாம்.