கேத்தலும் கோல்ஃபும்

ஹட்டன் பக்கம் எங்கள் தோட்டத்தில் போனுக்கு சிக்னல் கிடைக்கிற இடம் இரண்டு: மாரியம்மன் கோயில் படிக்கட்டு, தண்ணீர் டேங்க். அம்மாவுக்குத் தொப்புளில் ஹேர்னியா, ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து நான் படிக்கட்டிலேயே குடியிருந்தேன். பையனுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று லயத்துச் சனம் பேசிக்கொண்டது. நான் வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் இணையப் பக்கங்களை மேய்ந்துகொண்டிருந்தேன்.

ஒப்பரேஷனுக்கு 6 மணி நேரம் முந்தியே சாப்பாட்டை நிறுத்த வேண்டும். 'தெளிவான திரவம்' மட்டும் 2 மணி நேரம் முந்தி வரைக்கும் குடிக்கலாம். மயக்கம் கொடுத்தால் தொண்டையின் காவல்காரனும் சேர்ந்து தூங்கிவிடுவான். வயிற்றில் கிடப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். வெறும் தேத்தண்ணி தெளிவான திரவம். பால் விட்டால் சாப்பாட்டுக் கணக்கு. தோட்டப் பதிவில் பேர் வெட்டிய பிறகும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கும் அம்மாவுக்கு அந்த வெறும் தேத்தண்ணி வரிதான் பிடித்தது. அப்பாவுக்கு வேறு சந்தேகம். "கசிப்பும் தெளிவாத்தானடா இருக்கும்?"

வார்டில் இதையெல்லாம் நேர்ஸ் மிஸ்ஸிடம் எடுத்துச் சொன்னேன். பாதி சிங்களம், பாதி தமிழ், முழுப் பெருமை. அவர் போனைத் திரும்பியும் பார்க்கவில்லை. "ராத்திரி பன்னெண்டுக்குப் பொறகு வதுரவத் எபா." தண்ணீர்கூடக் கூடாதாம். யோசித்தால் அதிலும் நியாயம் இருந்தது: லிஸ்டில் நாலாவது ஆள் திடீரென்று முதல் ஆளாகிவிடலாம். அம்மா என்னை முறைத்த முறைப்பில், தேத்தண்ணியைப் பிடுங்கியவன் நான்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது மிஸ் ஒரே மூச்சில் சொன்னார்: தையல் சிவந்தாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ ஓடி வா. இணையம் இதையே மூன்று பக்கத்துக்குச் சொன்னது. எப்போது கார் ஓட்டலாம், எப்போது கோல்ஃப் ஆடலாம் என்றும் சொன்னது. கோல்ஃப் எங்களுக்கு அந்நியமில்லைதான். வெள்ளைக்காரன் காலத்து மைதானம் இன்னும் நுவரெலியா டவுனில் பச்சைப் பசேலென்று கிடக்கிறது. ஆனால் லயத்திலிருந்து ரோட்டுக்கு ஏறும் நூற்றுச் சொச்சம் படியைப் பற்றி ஒரு வரி இல்லை. தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடை தொங்கவிடலாமா, 18 கிலோ கொழுந்தைத் தராசுக்குத் தூக்கலாமா, விறகுக் கட்டுக்கு என்ன கணக்கு? கூகுளுக்கே வியர்த்தது.

கடைசியில் ஒரு பக்கம் வழிக்கு வந்தது. தண்ணீர் நிரம்பிய கேத்தலைவிடப் பாரமான எதையும் கொஞ்ச வாரத்துக்குத் தூக்க வேண்டாம் என்று போட்டிருந்தது. அதை வாய்விட்டு வாசித்ததுதான் நான் செய்த பிழை.

"நம்ம கேத்தல் பெரிசு" என்றார் அம்மா.

ஆறு வாரம் நானே தேத்தண்ணி ஊற்றினேன். சாயம் பத்தாது, சீனி கூட, தண்ணி கொதிக்கவில்லை என்று கட்டிலில் இருந்தபடியே தீர்ப்பு வரும். கிளினிக்கில் டொக்டர் தையல் தழும்பை அழுத்திப் பார்த்துவிட்டு, இனி எல்லா வேலையும் செய்யலாம் என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா என் தோளைத் தட்டினார். "தம்பி, போன்ல இன்னொருக்கா பாரு. கேத்தலுக்கு எத்தன மாசம்னு போட்டிருந்திச்சி?"